பேனாவால் வளர்ந்த பிள்ளைகள்

எழுபதுகளின் பின்பாதியில், எனக்கு இருபது வயது நடந்துகொண்டிருந்தபோது, வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே பாலாற்றங்கரையில் இருந்த ஒரு காலனிக்கு என்னை அனுப்பினார்கள். அங்கிருந்த பிள்ளைகளை வளர்க்கத்தான் அனுப்பினார்கள். சோறு போட்டு அல்ல, எடை போட்டு.

அந்தத் திட்டத்துக்கு நீளமான பெயர் ஒன்று இருந்தது. காலனியில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. "மாவு ஆபீசு" என்பார்கள். என்னை "நர்சம்மா" என்பார்கள். நான் நர்ஸ் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, நர்சிங் சேர மார்க் போதாமல், ஆறு வாரப் பயிற்சி வாங்கிக்கொண்டு வந்தவள். அப்பா பள்ளி ஆசிரியர். எங்கள் வீட்டில் தினமும் பால் வாங்குவோம், ஞாயிற்றுக்கிழமை கறி. ஏழைகளின் பிள்ளைகள் குட்டையாகவும் சோனியாகவும் இருப்பது தாய்மார்களின் அறியாமையால்தான் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். அதில் எனக்குக் கடுகளவும் சந்தேகம் வரவில்லை. அப்போது எனக்கு எதிலுமே சந்தேகம் வராது.

என் கையில் கொடுத்தவை: கிளையில் மாட்டும் தொங்கு தராசு ஒன்று, பிள்ளைக்கு ஒரு அட்டை, மாவு மூட்டைகள், புரட்டிப் புரட்டிக் காட்டுகிற பெரிய படங்கள். அட்டையில் மூன்று நிறம். பிள்ளையின் வயசுக்கேற்ற எடை இருந்தால் புள்ளி பச்சையில் விழும். குறைந்தால் மஞ்சள். ரொம்பக் குறைந்தால் சிவப்பு.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு எடை போட வேண்டும் என்பது ஆபீசர் வகுத்த விதி. அவர் வேலூரிலிருந்து ஜீப்பில் வருவார். பதினொன்றுக்கு ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரத்துக்குள் திரும்பிவிடலாம். இது மட்டும்தான் காரணம். வேறு ஏதோ மருத்துவக் காரணம் இருக்கும் என்று நான் பல மாதம் நம்பிக்கொண்டிருந்தேன்.

பதினோரு மணிக்குக் காலனியில் ஒரு தாயும் இருக்கமாட்டாள். எல்லாரும் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற தொழிற்சாலையில் இருப்பார்கள். காலை ஆறு மணிக்குச் சங்கு ஊதியதும் போகிறவர்கள், பொழுது சாய்ந்துதான் வருவார்கள். தம்பி தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எடைக்கு வருவது எட்டு வயசு, ஒன்பது வயசுப் பெண்பிள்ளைகள். நான் அவர்களை வரிசையாக உட்காரவைத்து, தாய்ப்பால் கொடுக்கும் முறையைப் பற்றி அரைமணி நேரம் பேசுவேன். அவர்களும் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். 'தாய்மார் கூட்டம் நடந்தது, வருகை இருபத்திரண்டு' என்று பதிவேட்டில் எழுதுவேன். ஆபீசர் கையெழுத்துப் போடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை நிஜமாகவே ஒரு தாய் வந்துவிட்டாள். காய்ச்சல் என்று வேலைக்குப் போகவில்லை. சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்த தோலை அலசுகிற வேலை அவளுக்கு. என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கடைசியில் உட்கார்ந்து, நான் புரட்டிய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கீரை வந்தது. பால் வந்தது. வெள்ளைத் தட்டில் அவித்த முட்டை வந்தது.

"இன்னா நர்சம்மா, முட்டை ஜோரா கீதே" என்றாள். "அத்த மட்டும் வெட்டிக் குடு. வறுத்துப் போட்டுர்றேன்."

பிள்ளைகள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது.

"கிண்டல் பண்ணாதீங்க அக்கா. கையில இருக்கிறதை வச்சே பிள்ளைய நல்லா வளர்க்கலாம். மனசு வேணும், அவ்ளோதான்."

அவள் இரண்டு உள்ளங்கைகளையும் என் முன்னால் நீட்டினாள். சுண்ணாம்பு தின்ற கை. விரல் நுனிகளில் தோல் உரிந்து, நகம் கறுத்து, ஒரு விரலை முழுதாக மடக்கவும் முடியாமல் இருந்தது.

"கையில இருக்கிறது இதான். பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

'ஒத்துழைக்காத தாய்' என்று அவள் பிள்ளையின் அட்டையில் பென்சிலால் எழுதி வைத்தேன். அப்படிப்பட்டவள் நான்.

அவளுடைய மகளைத்தான் சொல்ல வேண்டும். அப்போது அவளுக்கு ஒரே பிள்ளை. நாலு வயசு முடிந்த பெண். பார்த்தால் இரண்டு வயசு என்பார்கள். மெலிவு தெரியாது, எலும்பு துருத்தாது. கன்னம்கூட உருண்டையாகத்தான் இருக்கும். ஆனால் குட்டை. பொம்மையைப்போல எல்லாம் அளவாக இருக்கும், அளவே சிறிசு. வாய் மட்டும் ஏழு வயசு.

அந்த வருஷம் ஒரு வெளிநாட்டு அம்மாளை ஆபீசர் அழைத்து வந்தார். மாவு அனுப்புகிற தேசத்திலிருந்து வந்தவர் என்றார்கள். காலனியைச் சுற்றிக் காட்டினோம். காற்று தோல் ஷாப்புப் பக்கம் இருந்து அடித்ததால் அந்த அம்மாள் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. அப்படியே வந்தவர், சுவரோரமாக நின்ற இந்தப் பெண்ணைப் பார்த்ததும் உருகிப்போய், கைக்குட்டையை விட்டுவிட்டு வாரி எடுத்துக் கொஞ்சினார். எத்தனை வயசு என்று கேட்டார்.

"ரெண்டு வயசுக் குழந்தை" என்று ஆபீசர் பெருமையாகச் சொன்னார். "பாருங்கள், எவ்வளவு கொழுகொழு என்று இருக்கிறது."

ஆபீசர் இங்கிலீஷில் சொன்னது அவளுக்கு எப்படிப் புரிந்ததோ தெரியாது. அவர் இரண்டு விரலைக் காட்டியதைப் பார்த்திருப்பாள்.

"எனக்கு நாலு முடிஞ்சி போச்சி" என்றாள் உரத்த குரலில். "கிறிஸ்துமஸ் வந்தா அஞ்சு. கீழ வுடு, எனக்கு வேலை கீது."

அந்த அம்மாள் ஆச்சரியப்பட்டு, குழந்தை என்ன சொல்கிறது என்று கேட்டார்.

"உங்களை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம்" என்று மொழிபெயர்த்தார் ஆபீசர்.

விருந்தாளியை ஜீப்பில் உட்காரவைத்துவிட்டு அவர் என்னிடம் திரும்பி வந்தார். அட்டைகளை எடுத்து வரச் சொன்னார். புரட்டிப் பார்த்தார். பாதிக்கு மேல் சிவப்பு.

"இன்னாம்மா இது? வயசையெல்லாம் தப்பா எழுதி வச்சிருக்க."

"இல்ல சார். விசாரிச்சித்தான் எழுதினேன்."

"யாரை விசாரிச்ச? இவங்களுக்கு வயசு தெரியுமா? இந்த உயரத்துக்கு நாலு வயசுன்னா யார் நம்புவாங்க? ரெண்டுன்னு போடு. எடை சரியா வருதா பாரு. பச்சையில வந்து விழும்."

வந்து விழத்தான் செய்தது. நாலு வயசுக்குச் சிவப்பான எடை, இரண்டு வயசுக்குப் பச்சையான எடை. அவர் சொல்லச் சொல்ல நான் அடித்துத் திருத்தினேன். மூன்று வயசுப் பையன் ஒன்றரை வயசானான். ஐந்து வயசுக்காரி இரண்டேமுக்கால் ஆனாள். அன்று மதியத்துக்குள் அந்தக் காலனியில் சிவப்பே இல்லாமல் போய்விட்டது. இரண்டு வருஷம் மூட்டை மூட்டையாக மாவு கொட்டி ஆகாததை, ஒரு பேனா அரைமணி நேரத்தில் செய்து முடித்தது. ஆபீசர் என்னைப் பாராட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அடுத்த ஜூனில் அந்தத் தாய் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அழைத்துப் போனாள். பிறந்த தேதிக்குக் காகிதம் இல்லாத பிள்ளைகளுக்கு அந்நாளில் ஒரு சோதனை உண்டு. வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயசு. பெண் எக்கி எக்கிப் பார்த்திருக்கிறாள். விரல் உச்சந்தலையைத் தாண்டவில்லை. ஏதாவது காகிதம் இருக்கிறதா என்று தலைமையாசிரியர் கேட்க, வீட்டில் வயசு எழுதிய காகிதம் அது ஒன்றுதான் என்று இவள் நான் திருத்தி வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய அட்டையை எடுத்து நீட்டியிருக்கிறாள். அவர் வாசித்துவிட்டுச் சிரித்திருக்கிறார்.

"மூணு வயசு ஆகலைன்னு ஆபீசுக்காரங்களே எழுதியிருக்காங்களேம்மா. ரெண்டு வருஷம் கழிச்சு வா."

அன்று சாயந்திரம், தோல் ஷாப்பு நாற்றம் மாறாத புடவையோடு, அவள் நான் தங்கியிருந்த அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. அட்டையை நீட்டினாள்.

"இது நீ எழுதினதா?"

"ஆபீசர் சொன்னாரு அக்கா."

"வாய் அவுரது. கை யாருது?"

நான் அட்டையை வாங்கிக்கொண்டேன்.

"புள்ள வளர்லன்னா வளர்லன்னு எழுது. நான் இன்னா உன்ன கேட்டேன்? என் புள்ளைக்கு நீ எதுக்கு வயசக் கம்மி பண்ண?" அவள் குரலை உயர்த்தவே இல்லை. "காலம்பற ஆறு மணிக்கு வந்து என் ஊட்ல குந்து. சாயந்திரம் வரைக்கும் குந்து. அப்புறம் எழுது."

போனேன். மறுநாளே போனேன். அந்த ஒரு நாளில் பார்த்தது எனக்கு ஆறு வாரப் பயிற்சியில் சொல்லித் தரப்படாதது.

சங்கு ஊதியதும் அவள் போய்விட்டாள். அந்த வரிசை வீடுகளின் பிள்ளைகள் எல்லாருக்கும் காவல் ஒன்பது வயசுப் பெண் ஒருத்தி. காலையில் ஆளுக்கு அரை டம்ளர் முந்தின நாள் கஞ்சி. மதியம் நாங்கள் கொடுத்த மாவை ஒரு தட்டில் கரைத்துச் சுற்றி உட்கார்ந்து தின்றார்கள். வேகமாகத் தின்கிறவனுக்கு அதிகம், நிதானமாகத் தின்கிறவளுக்கு விரலில் ஒட்டியது. கரைத்த தண்ணீர் காலனிக் கிணற்றுத் தண்ணீர். தோல் ஷாப்புக் கழிவு ஓடுகிற கால்வாய்க்கும் அந்தக் கிணற்றுக்கும் நடுவே கூப்பிடு தூரம்கூட இல்லை. தண்ணீர் டீ நிறத்தில் இருக்கும், உப்புக் கரிக்கும். அவள் மகள் மதியத்துக்குமேல் மூன்று தடவை வீட்டுக்குப் பின்னால் போய்க் குந்தினாள். காவல் இருந்தவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "இவளுக்கு எப்பவும் இப்டித்தான் போவும்" என்றாள். சாயந்திரம் தாய் வந்து, அடுப்பு மூட்டி, அரிசி வேகவைத்து, குழம்பு வைத்தாள். அந்த வீட்டின் நல்ல சாப்பாடு அது ஒன்றுதான். அது இறங்குவதற்குள் பெண் மூலையில் சுருண்டு தூங்கிவிட்டாள்.

"எழுப்பி ஊட்டுங்களேன் அக்கா" என்றேன்.

"எழுப்பினா ரெண்டு வாய் வாங்கும். அப்டியே சாயும். தினம் பாக்கறேன்." அவள் சட்டியை மூடிவைத்தாள். "இப்ப சொல்லு, எனக்கு அறிவு கம்மியா, இல்ல நேரம் கம்மியா?"

அடுத்த வாரம் மாதா கோயிலில் ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து ஒரு நகல் எழுதி வாங்கிக்கொண்டு, அவளோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அட்டையில் இருப்பது பொய் வயசு, எழுதியது நான்தான் என்று தலைமையாசிரியரிடம் சொன்னேன். ஓர் ஆசிரியரின் மகள் இன்னொரு ஆசிரியர் முன்னால் அப்படி நிற்பது எனக்கு வேண்டியதுதான். பெண்ணைச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஆபீசருக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினேன். கிணறு, வயிற்றுப்போக்கு, பிள்ளை தூங்கியபின் ஆகும் சோறு, எல்லாம் எழுதினேன். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என்மேல் பரிதாபப்பட்டார்.

"தண்ணி நம்ம டிபார்ட்மென்ட் இல்லம்மா. தோல் ஷாப்பும் நம்ம டிபார்ட்மென்ட் இல்ல. நம்மளது மாவு. அப்புறம் ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சிக்கோ. இவங்க வம்சமே குள்ளம். இதுக்கு மேல வளராது."

இதைச் சொன்னவர் என் தோள் உயரம்தான் இருந்தார்.

அதற்கு அடுத்த வருஷம் அந்தத் தாய்க்கு இரண்டாவதாகவும் பெண் பிறந்தது. ஒன்றரை மாதத்தில் வேலைக்குத் திரும்ப வேண்டும். கைக்குழந்தைக்காரிகள் நாலைந்து பேர் சேர்ந்து மேஸ்திரியிடம் போய், பிள்ளைகளைப் போட்டுவைக்க ஓரமாக ஒரு நிழல் கேட்டார்கள்.

"இது தோல் ஷாப்பா, தொட்டில் ஷாப்பா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார் அவர்.

பிறகுதான் பையர் வருகிற செய்தி வந்தது. பையர் என்றால் வெளிநாட்டிலிருந்து வந்து தோலைத் தடவிப் பார்த்து வாங்குகிறவர். அவர் வருகிறார் என்றால் ஷாப்பு முழுக்கச் சுண்ணாம்பு அடிப்பார்கள், நாயை விரட்டுவார்கள். அவள் என்னிடம் வந்தாள்.

"நர்சம்மா, இந்த வாரம் எடையை எங்க ஷாப்புல வந்து போடு."

"எப்போ அக்கா?"

"பையர் வர்ற நேரத்துல."

அன்று தராசை எடுத்துக்கொண்டு போனேன். வாயில்காவலரிடம், "ஆபீசு எடை போடுற நாள்" என்றேன். ஆபீசு என்ற சொல்லுக்கு அங்கே மரியாதை உண்டு. தோல் உலர்த்துகிற கொட்டகையில், தோல் மாட்டுகிற உத்தரத்திலேயே தராசை மாட்டினேன். காவல் பெண் பிள்ளைகளை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஒவ்வொருவராகத் தூக்கி மாட்டினோம். இந்தப் பக்கம் தோல் தொங்குகிறது, அந்தப் பக்கம் பிள்ளை தொங்குகிறது. அந்த நேரம் பார்த்து முதலாளியும் பையரும் உள்ளே வந்தார்கள்.

மேஸ்திரியின் முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்குத் தேன் குடித்தமாதிரி இருக்கிறது.

பையர் நெட்டையான மனிதர். நின்று பார்த்தார். இது என்ன என்று கேட்டார். முதலாளி ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. இங்கே வேலை செய்கிற பெண்களின் குழந்தைகளுக்காக நாங்கள் காப்பகம் நடத்துகிறோம், இன்று எடை போடும் நாள் என்றார். பையர் மிகவும் சந்தோஷப்பட்டு, போட்டோ எடுத்துக்கொண்டார். அடுத்த தடவை வரும்போது காப்பகத்தை முழுதாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படித்தான் காப்பகம் வந்தது. கருணையால் வரவில்லை, திட்டத்தால் வரவில்லை. சொன்ன பொய்யை நிஜமாக்கியாக வேண்டும் என்பதால் வந்தது. வாயிலுக்கு வெளியே ஒரு கீற்றுக் கொட்டகை போட்டார்கள். பையர் கண்ணுக்குத் தண்ணீர் சுத்தமாகத் தெரிய வேண்டுமே என்று, ரோட்டுக்கு அந்தப் பக்கம் முதலாளி பங்களாவின் நல்ல கிணற்றிலிருந்து குழாய் இழுத்து வந்தார்கள். விரல்கள் போய்த் தோல் பிடிக்க முடியாமல் வேலையிழந்த ஒரு கைம்பெண்ணைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வைத்தார்கள். தாய்மார் காலையில் ஒரு தடவை, மதியத்துக்குமேல் ஒரு தடவை வந்து பால் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று ஆனது.

மாவின்மேல் எனக்குப் பகை இல்லை. அதே மாவைத்தான் அந்தக் கைம்பெண் நல்ல தண்ணீரில் கொதிக்கவைத்து, வேர்க்கடலைப் பொடியும் வெல்லமும் போட்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் தட்டில், ஒரு நாளைக்கு நாலு தடவை கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள். ஒரு பிள்ளை வாயை மூடிக்கொண்டால் கதை சொல்லித் திறக்கவைப்பாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தப் பெரிய படங்களில் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை. சாயந்திரம் வீட்டுக்குப் போகும்போது ஆளுக்கு ஒரு குடம் குழாய்த் தண்ணீர் எடுத்துப் போனார்கள். வயிற்றுப்போக்கு குறைந்தது. நான் மருந்து கொடுத்து நிறுத்தவில்லை, அது வரவே இல்லை.

உயரம் அளக்கச் சொல்லி எங்கள் திட்டத்தில் யாரும் கேட்கவில்லை. நானாக ஒரு பலகையில் தையற்கார டேப்பை ஒட்டி அளந்தேன். இரண்டாவது பெண்ணுக்கு மூன்று வயசு ஆனபோது, அக்காவுக்கு நாலு முடிந்தபோது இருந்த உயரத்தைத் தாண்டிவிட்டாள். அதே தாய், அதே தகப்பன், அதே குள்ள வம்சம்.

வேலூரில் பெரிய கூட்டம் நடந்தது. எங்கள் காலனியின் வெற்றியை ஆபீசர் வாசித்தார். தொடர்ந்த தாய்மார் கல்வியும் முறையான மாவு வினியோகமும்தான் காரணம் என்று எழுதியிருந்தார். எனக்கு மாலை போட்டார்கள். மேடையிலிருந்த ஒருவர், "களப்பணியாளர் நீங்கள் சொல்லுங்கள், எதனால் ஜெயித்தது?" என்று கேட்டார்.

"தாய்க்கு ரெண்டு வேளை லீவும் நல்ல தண்ணிக் குழாயும் கிடைச்சுது சார். ஊட்ட ஒரு ஆள் கிடைச்சாங்க. அதனால" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம், "நல்ல ஊழியர், கொஞ்சம் வெகுளி" என்றார். மைக் அணைக்காமல் இருந்ததால் கூடம் முழுக்கக் கேட்டது. அதன் பிறகு வேறு மூன்று ஊர்களுக்கு அந்தத் திட்டத்தை விரித்தார்கள். மாவும் படமும் போயின. குழாய் போகவில்லை. அந்த ஊர்களில் ஜெயிக்காததற்குத் தாய்மார்களின் ஒத்துழைப்பின்மை காரணம் என்று பிற்பாடு எழுதியிருந்தார்கள்.

எண்பதுகளின் பின்பாதியில் என்னை ஒடுகத்தூர்ப் பக்கம் மாற்றினார்கள். விடைபெற அவள் வீட்டுக்குப் போனேன். வேலை முடிந்து வந்து அரிசி களைந்துகொண்டிருந்தாள். இரண்டு பெண்களும் வாசலில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். மூத்தவளுக்குப் பதிமூன்று, இளையவளுக்கு ஏழு. இளையவள் அக்காவின் காது வரைக்கும் வந்துவிட்டாள். புதிதாகப் பார்க்கிறவர்கள் ஒரு வயசு வித்தியாசமா என்று கேட்பார்களாம். அப்படிக் கேட்டால் மூத்தவள் பதில் சொல்லாமல் உள்ளே போய்விடுவாளாம். வகுப்பில் முதல் மாணவி அவள். கரும்பலகையின் மேல்பாதியில் எழுத மட்டும் நாற்காலி வேண்டும்.

நான் கிளம்பியபோது மூத்தவள் பஸ் நிறுத்தம் வரைக்கும் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"நர்சம்மா, ஒண்ணு கேக்கட்டுமா? நான் இன்னும் வளருவேனா?"

முதல் இரண்டு மூன்று வருஷத்தில் போனது திரும்பி வராது என்று எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. அந்த இரண்டு மூன்று வருஷத்தில் நான் அவளுக்கு என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதும் தெரியும்.

"கொஞ்சம் வளருவ" என்றேன். "தங்கச்சி அளவுக்கு வளரமாட்ட."

அவள் பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள்.

"சரி. இப்பவாச்சும் சரியா சொன்னீங்க" என்று சொல்லிப் பையை என் கையில் கொடுத்தாள்.

பஸ் வந்தது. நான் ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் காலனிப் பக்கம் நடந்து வெகுதூரம் போய்விட்டிருந்தாள்.